செம்பனை மரத்தில் தொங்கும் பெரணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை மாறி வருஷக்கணக்கு ஆகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் சற்று நேரத்தில் செம்பனைக் காடு, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம், வந்துவிடும். நான் தோட்டத்தில் வெளிவேலைக் கணக்குப் பார்த்தவன். களை, உரம், மட்டை வெட்டு எல்லாம் என் நோட்டில்தான் ஏறும். ஓய்வுக்குப் பிறகு தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியில் வீட்டு வாசலில் தொட்டிச் செடி வைத்து விற்கிறேன். அதில் பாதி பெரணி. வாங்க வருகிறவர்களும், வாங்காமல் பேச வருகிறவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். எனவே பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

செம்பனை மரத்தில் தாடி மாதிரி தொங்குகிறதே, அது என்ன செடி?

பல வகைப் பெரணிகள் அங்கே குடியிருக்கின்றன. ஆனால் நீளமாக, பச்சையாக, மரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் தொங்குவது பெரும்பாலும் நெஃப்ரோலெப்பிஸ் பைசெராட்டா. நெஃப்ரோலெப்பிஸ் என்பது பேரினத்தின் பெயர், பைசெராட்டா என்பது அதில் ஓர் இனம். மலாய்க்காரர்கள் பாக்கு லாராட் என்றும் பாக்கு ஊபான் என்றும் சொல்வார்கள். மலாயில் பாக்கு என்றால் பெரணி, ஆணிக்கும் அதே சொல்தான். ஊபான் என்றால் நரைமுடி. நம் ஆட்கள் 'மரத்துப் புல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். புல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. புல் பூக்கும், இது ஒருபோதும் பூக்காது.

நெஃப்ரோலெப்பிஸ் என்றால் என்ன அர்த்தம்?

கிரேக்கத்தில் நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம், லெப்பிஸ் என்றால் செதில். இலையின் அடிப்பக்கத்தில் வித்துக் கூட்டங்களை மூடிக்கொண்டு ஒரு மெல்லிய தோல் இருக்கும். இண்டூசியம் என்பார்கள். அது இந்தப் பேரினத்தில் பல இனங்களுக்குச் சிறுநீரக வடிவில், அவரை விதை மாதிரி ஒரு பக்கம் குழிந்து இருக்கும். அதை வைத்து 1834-ல் ஷாட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் இந்தப் பேரை வைத்தார். பைசெராட்டா என்றால் இரட்டைப் பல் கொண்டது. சிற்றிலையின் ஓரத்தில் பெரிய பல்லும் அதன்மேல் சின்னப் பல்லுமாக இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தால் எனக்கே தெரிகிறது.

அப்படியென்றால் சிறுநீரகக் கோளாறுக்கு இது நல்லதா? வாட்ஸ்அப்பில் வந்ததே?

இல்லை. பெயரில் சிறுநீரகம் வந்தது வடிவத்தால், மருந்துக் குணத்தால் அல்ல. ஒரு மாமா இதைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டு என் வாசலுக்கே வந்தார். நல்லவேளை, குடிக்கும் முன்னால் வந்தார். சிறுநீரகம் ஏற்கெனவே சரியில்லாதவர்கள் தெரியாத கஷாயத்தைக் குடிப்பது இருக்கிற கோளாறைக் கூட்டிக்கொள்ளும் வழி. பல நாடுகளில் காயத்துக்கும் கட்டிக்கும் இந்தப் பேரினத்தின் இலையை வைத்துக் கட்டும் நாட்டுப் பழக்கம் உண்டு. அதை வைத்துக்கொண்டு உள்ளுக்குக் குடிக்கிற மருந்தாக்க வேண்டாம். மருத்துவரிடம் போங்கள்.

மரத்தின் சத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணியா இது?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. தோட்டத்திலேயே வருஷக்கணக்காக வேலை செய்தவர்கள்கூட 'மரத்தைத் தின்கிறது' என்பார்கள். கிடையாது. இது தொற்றிக்கொண்டு வாழும் செடி. மரம் அதற்கு ஒரு திண்ணை, அவ்வளவுதான். ஒட்டுண்ணி என்றால் வேரை உயிருள்ள திசுவுக்குள் செலுத்திச் சாறு எடுக்க வேண்டும். மாமரத்தில் பிடிக்கும் புல்லுருவி அப்படித்தான் செய்கிறது. இந்தப் பெரணியின் வேர் மரத்துக்குள் போவதே இல்லை. வெட்டின மட்டையின் அடிக்கட்டைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், அதில் தூசி, மக்கின பூ, உதிர்ந்த காயின் நார், எலி இழுத்து வந்த குப்பை எல்லாம் சேர்ந்து கறுப்பாக மண் மாதிரி ஆகிவிடும். வேர் ஓடுவது அந்த மக்கில்தான். தண்ணீர் மழையிலிருந்து, உணவு தன் இலையிலிருந்து.

சந்தேகம் இருந்தால் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மக்கோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். மரத்தில் ஒரு காயமும் இருக்காது.

பால் மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், இவ்வளவு இல்லையே, செம்பனையில் மட்டும் ஏன்?

இதைக் கேட்பவர்கள் கித்தா என்னும் ரப்பர்க் காட்டில் வளர்ந்தவர்கள், கேள்வியிலேயே தெரியும். பால் மரத்தின் பட்டை வழவழப்பு. குப்பை தங்க இடம் கிடையாது. வருஷா வருஷம் இலை முழுக்க உதிர்ந்து கொஞ்ச நாள் வெயில் நேராக உள்ளே இறங்கும். போதாததற்குப் பால் எடுக்கப் பட்டையைச் சீவுகிறவர் தினமும் பக்கத்தில் நிற்கிறார். செம்பனை நேர் எதிர். வெட்டின மட்டையின் அடிப்பகுதி பத்து வருஷத்துக்கு மேலேயும் தண்டிலேயே நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பூந்தொட்டி. மேலே குடை மாதிரி மட்டைகள், நடுவில் நிழல், மழை பெய்தால் தண்டு வழியாகத் தண்ணீர். பெரணிக்கு இதைவிட என்ன வேண்டும்? மரம் கிழடாகி அடிக்கட்டைகள் கழன்று தண்டு மொழுக்கென்று ஆன பிறகு பாருங்கள், கீழிருந்து மேலாகப் பெரணியும் குறைந்துகொண்டே போகும்.

இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பெயர் தென்னை, நட்டது செம்பனை. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பைசெராட்டா பெரணியோ ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் இயற்கையாகவே இருப்பது. ஆக மரம் வந்தேறி, பெரணி உள்ளூர்க்காரர்.

இதுதான் நெஃப்ரோலெப்பிஸ் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

ஒரு செடியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இலையைப் பாருங்கள். ஒரு நீண்ட காம்பு, அதன் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சிற்றிலைகள். சிற்றிலைகள் மறுபடி பிரிவதில்லை, ஒரே அடுக்கோடு சரி. நீங்கள் ஒரு கிளை என்று நினைப்பது உண்மையில் ஒரே ஓர் இலை. பைசெராட்டாவில் அந்த ஓர் இலை ஒரு மீட்டரில் தொடங்கி இரண்டு மீட்டரைத் தாண்டியும் தொங்கும்.

அடுத்து நுனி. பெரும்பாலான பெரணிகளில் குருத்து சுருள் அவிழ்ந்ததும் இலை முடிந்தது. இந்தப் பேரினத்தில் இலை விரிந்து வெகுநாள் ஆன பிறகும் நுனியில் ஒரு சின்னச் சுருள் மிச்சமிருக்கும். அது மெல்ல மெல்ல அவிழ்ந்து இலையை நீட்டிக்கொண்டே போகும். வளர்வதை நிறுத்தத் தெரியாத இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் சிற்றிலைகள் முதிர்ந்து உதிர்ந்துகொண்டிருக்கும்போதே நுனியில் புதிது வந்துகொண்டிருக்கும்.

உதிர்வதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சிற்றிலை நடுக்காம்போடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு உண்டு. முதிர்ந்ததும் அந்த மூட்டில் சுத்தமாகக் கழன்றுவிடும். காம்பு மட்டும் பழுப்புக் கம்பி மாதிரி நிற்கும். அந்த மொட்டைக் காம்புகளைப் பார்த்தாலே எனக்குப் பேரினம் தெரிந்துவிடும்.

கடைசியாக அடிப்பகுதி. குட்டையாக நிமிர்ந்த ஒரு தண்டு, அதன்மேல் பழுப்புச் செதில்கள். செதில்கள் குடைக்குக் காம்பு போல நடுப்பகுதியில் ஒட்டியிருக்கும். அந்தத் தண்டிலிருந்து கம்பி மாதிரி மெல்லிய ஓடுதண்டுகள் எல்லாத் திசையிலும் ஓடும். இந்த ஓடுதண்டும், மூட்டுள்ள சிற்றிலையும், முடியாத நுனியும் மூன்றும் சேர்ந்திருந்தால் தயங்காமல் நெஃப்ரோலெப்பிஸ் என்று சொல்லலாம்.

இலைக்குப் பின்னால் வரிசையாகப் பழுப்புப் புள்ளி. பூச்சி பிடித்துவிட்டதா?

மருந்து அடித்துவிடாதீர்கள்! ஓர் அக்கா சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொரு புள்ளியையும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, 'தம்பி, எல்லாம் போய்விட்டது' என்று பெருமையாகச் சொன்னார். அவர் தேய்த்து எடுத்தது அந்தச் செடியின் அடுத்த தலைமுறையை.

அவை சோரஸ் என்னும் வித்துக் கூட்டங்கள். ஒவ்வொரு நரம்பின் முனையிலும் ஒன்று என்ற கணக்கில் உட்காருவதால் ஓரத்துக்கு இணையாக, தையல் போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். செதில் பூச்சி அப்படி வரிசை பார்க்காது. கண்ட இடத்தில், இலையின் இரு பக்கத்திலும், காம்பிலும் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் தனியாக வரும், இலை பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். நடுநரம்புக்கு இரு பக்கமும் ஒழுங்கான வரிசை என்றால் சோரஸ். அதைச் செடியிடமே விட்டுவிடுங்கள்.

மேல்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவே, அது பூஞ்சையா?

பெரும்பாலும் சுண்ணாம்பு. சிற்றிலையின் மேல்பக்கம், நரம்பு முடியும் இடங்களில் நுண்ணிய நீர்த்துளைகள் இருக்கின்றன. இரவில் செடி அதிகப்படித் தண்ணீரை அவ்வழியாகக் கசியவிடும். தண்ணீர் காய்ந்ததும் அதில் கரைந்திருந்த உப்பு வெள்ளையாகப் படிகிறது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும், துடைக்காவிட்டாலும் பாதகமில்லை.

பூ இல்லை, காய் இல்லை. பிறகு எப்படி நாற்பது அடி உயரத்து மரத்தில் போய் முளைக்கிறது?

இரண்டு வழி. ஒன்று காற்று, இன்னொன்று கால்.

காற்று வழியை முதலில் சொல்கிறேன். மேலே சொன்ன பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றிலும் பல வித்துப் பைகள் இருக்கும். ஒவ்வொரு பையைச் சுற்றியும் ஒரு பக்கம் தடித்த செல்களாலான வளையம் உண்டு. காய்ந்த காற்றில் அந்தச் செல்களின் நீர் ஆவியாகும்போது வளையம் வில்லை வளைப்பதுபோல் பின்னால் வளையும். பை கிழியும். ஒரு கட்டத்தில் செல்லுக்குள் இருக்கிற நீர் அந்த இழுவையைத் தாங்காமல் அறுந்து குமிழி உண்டாகும். அந்த நொடியில் வளையம் பட்டென்று முன்னால் திரும்பி வித்துகளை விசிறியடிக்கும். உண்டிவில் கணக்குத்தான். வித்து தூசியைவிட நுண்மையாக இருப்பதால் காற்று எங்கே கொண்டுபோனாலும் போகும். மரத்தின் உச்சி அதற்கு ஒரு தூரமே இல்லை.

ஆனால் வித்து விழுந்த இடத்தில் உடனே பெரணி முளைக்காது. முதலில் நகக்கண் அளவுக்கும் சிறியதாக, இதய வடிவில், பாசி மாதிரி ஒரு தட்டைச் செடி வரும். புரோதாலஸ் என்பார்கள். ஆண் செல், பெண் செல் இரண்டும் அதன் அடிப்பக்கத்தில்தான் உருவாகும். ஆண் செல் நீந்தித்தான் போக வேண்டும், அதற்கு மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். அதனால்தான் வெயிலில் காயும் வேலிக் கம்பத்தில் இது வராது, ஈரம் தங்கும் மட்டைப் பள்ளத்தில் வரும். கரு உண்டான பிறகுதான் நாம் பெரணி என்று பார்க்கும் செடி எழும்பும். ஆக ஒரே செடிக்கு இரண்டு வாழ்க்கை. முதல் வாழ்க்கையை நம்மில் யாரும் கவனிப்பதே கிடையாது. செங்கல் சுவரின் ஈர மூலையில் பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

கால் வழி சுலபம். ஓடுதண்டு ஊர்ந்து போய் மக்கு கண்ட இடத்தில் மொட்டு விட்டு அங்கே ஒரு புதுச் செடி உண்டாக்கும். ஒரு மட்டைக் கட்டையில் வித்து முளைத்துவிட்டால் போதும், பிறகு மரத்தையே சுற்றிவிடும். தரையிலும் அப்படியேதான், ஒரு செடி பாய் விரித்த மாதிரி படரும்.

இந்தப் பேரினத்தில் மொத்தம் எத்தனை இனம்?

2005-ல் வெளியான முழுமையான ஆய்வு 19 இனங்களை ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய இருபது என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பம்தான் தலைவலி. டவாலியா குடும்பம், ஒலியாண்ட்ரா குடும்பம், லொமாரியோப்சிஸ் குடும்பம் என்று வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் உலகப் பெரணி ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் இதற்குத் தனிக்குடித்தனம், நெஃப்ரோலெப்பிடேசியே. குடும்பத்தில் இருப்பது இந்த ஒரு பேரினம் மட்டுமே.

நம் பக்கம் பார்க்கக்கூடியவை சில. பைசெராட்டா சொல்லிவிட்டேன். கார்டிஃபோலியா சிறியது. குட்டையான மழுங்கிய சிற்றிலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்த மாதிரி நெருக்கமாக இருக்கும். சாலையோர மேட்டு வெட்டில், வெயிலில் விறைப்பாக நிற்கும் மயிர் படர்ந்த ஒன்று ப்ரவுனி. அக்யூட்டிஃபோலியாவை இலையைத் திருப்பினால் உடனே சொல்லிவிடலாம், வித்துகள் தனித்தனிப் புள்ளியாக இல்லாமல் ஓரம் முழுக்கச் சேலைக் கரை போல ஒரே கோடாக ஓடும். அலங்காரத்துக்கு வளர்க்கும் மீன்வால் பெரணியும் இந்தப் பேரினம்தான், சிற்றிலையின் நுனி இரண்டாகப் பிளந்து மீனின் வால் மாதிரி இருக்கும்.

தொட்டியைக் கவிழ்த்தேன், வேரில் சின்னச் சின்ன உருண்டை. நோயா?

உங்கள் செடி கார்டிஃபோலியா. அது கிழங்கு. கோலிக்குண்டு அளவில், பழுப்புச் செதில் மூடி, ஓடுதண்டில் தொங்கும். உள்ளே பெரும்பகுதி தண்ணீர், வறட்சிக்குச் சேமிப்பு. நேப்பாளத்தில் இதற்குப் பானி அமலா என்று பெயர், தண்ணீர் நெல்லி என்று பொருள். தாகத்துக்குப் பிடுங்கித் தின்பார்கள். பைசெராட்டாவிலும் பாஸ்டன் பெரணியிலும் கிழங்கு கிடையாது. கடைக்காரர் எந்தப் பேரைச் சொல்லி விற்றாலும் கிழங்கு இருந்தால் அது கார்டிஃபோலியாதான்.

நர்சரியில் விற்கும் பாஸ்டன் பெரணியும் செம்பனையில் தொங்குவதும் ஒன்றா?

சகோதரர்கள், ஒரே ஆள் இல்லை. பாஸ்டன் பெரணி எக்சல்டாட்டா என்ற அமெரிக்க இனத்திலிருந்து வந்தது. 1894 வாக்கில் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டன் பக்கம் போன செடிகளுக்கு நடுவே, விறைப்பாக நிற்காமல் அழகாக வளைந்து விழும் இலையோடு ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பெருக்கினார்கள். அதிலிருந்து சுருட்டை, மடிப்பு, பின்னல் என்று எத்தனையோ ரகம். இவற்றில் முளைக்கக்கூடிய வித்து அரிதாகத்தான் உண்டாகும், அதனால் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். சில நேரம் சுருட்டை ரகத்தில் திடீரென்று ஒரு சாதாரண இலை வரும். அதை அடியோடு வெட்டிவிடுங்கள், விட்டால் செடி முழுக்கப் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்.

சிரிப்பு என்னவென்றால், தோட்டத்தில் பைசெராட்டாவைக் குப்பை என்று பேசிவிட்டு வருகிறவர்களே இங்கே வந்து அதன் தம்பிக்கு ரிங்கிட் எடுத்துத் தருகிறார்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

தோட்டத்தில் மற்றக் களைக்கெல்லாம் மருந்து அடிக்கிறார்கள். இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறார்கள்?

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கும், என் பிழைப்பே அதுதானே. அந்தக் காலத்தில் தரை வெறுமையாக, கூட்டிவிட்ட வாசல் மாதிரி இருந்தால்தான் நல்ல வேலை என்று நினைத்தவர்கள் உண்டு. மழை வந்தால் மேல்மண் அப்படியே வடிகாலுக்குப் போகும், போட்ட உரமும் அதோடு போகும். இப்போது களையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். லாலான் என்னும் முரட்டுப் புல், மிக்கானியா கொடி, கட்டைச் செடிகள், ரெசாம் என்னும் புதர்ப் பெரணி எல்லாம் கெட்டது. சாதுவான புல், மற்றப் பெரணி, மூடுபயிர் நல்லது. பைசெராட்டா நல்ல பட்டியலில் முதல் வரிசை.

காரணம் பல. இளம் தோட்டத்தில் புவேரேரியா, முக்குனா மாதிரி பயறு வகை மூடுபயிர் போடுவார்கள். மரம் வளர்ந்து நிழல் விழுந்ததும் அவை நலிந்துவிடும். அந்த நிழலில் தானாக வந்து இடத்தைப் பிடிப்பது பெரணி. காசு கொடுத்து விதை வாங்க வேண்டாம். வேர் ஆழம் போகாமல் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தைக் காக்கும். இலை தின்னும் புழுக்களையும் கூட்டுப் புழுவையும் பிடித்துத் தின்கிற பூச்சிகளுக்கு அது ஒதுங்கும் இடம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு முக்கியக் காரணம் உண்டு. ராஜா மூசா காட்டை ஒட்டிய நிலமெல்லாம் பாதி மக்கின செடிகொடிகளாலான கரிமண், மலாயில் தானா காம்புட். அந்த மண் ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை ஏற்காது, தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். வெயில் காலத்துப் புகையை எங்கள் ஊரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே வடிகாலின் நீர்மட்டத்தைக் காப்பதுதான் முதல் வேலை. தரையைப் பெரணி மூடியிருந்தால் மேற்பரப்பு காய்வது குறையும். அதனால்தான் கரிமண் தோட்டங்களில் இதை வளரவிடச் சொல்கிறார்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் விடுவதில்லை. மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்தையும் அறுவடைப் பாதையையும் சுத்தமாக வைக்க வேண்டும். உதிர்ந்த பழம் பெரணிக்குள் விழுந்தால் பொறுக்குகிறவருக்குக் கண்ணில் படாது. தண்டில் அடர்ந்து தொங்கினாலும் பழம் மட்டைப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும், அப்படி நிற்கும் இடத்தில் தண்டையும் சுத்தம் செய்வார்கள். அது பெரணியின் குற்றம் இல்லை, பழம் பொறுக்கும் வசதிக்காக. ஒரு காலத்தில் களைமருந்து அடிக்க வந்த புது ஆள் ஒருவர், யாரும் அவரிடம் விவரம் சொல்லாததால், வரிசை நடுவிலும் அடித்துத் தள்ளிவிட்டார். பெரணி கருகின இடத்தில் அடுத்த மழைக்கு முளைத்தது லாலான். கணக்கு எழுதினவன் நான், திட்டு வாங்கினவனும் நான்.

இதுவும் ரெசாமும் ஒன்றுதானே?

இல்லை. ரெசாம் என்பது டிக்ரனாப்டெரிஸ். அதன் காம்பு இரண்டு இரண்டாகக் கவை விட்டுப் பிரிந்துகொண்டே போகும், ஆள் நுழைய முடியாத புதராகும். காய்ந்தால் நன்றாகத் தீப்பிடிக்கும். வெயில் மேட்டுநிலம் அதற்குப் பிடிக்கும். நெஃப்ரோலெப்பிஸ் கவை விடாது. கொடி மாதிரி மரத்தில் ஏறி, தளிர் சிவப்பாக, இலை மினுமினுப்பாக இருந்தால் அது ஸ்டெனோக்லேனா, சரவாக்கில் மிடின் என்று வதக்கிச் சாப்பிடுவது.

சந்தையில் பூச்சுக் பாக்கு என்று கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அது இந்தத் தளிர்தானா?

அது வேறு, டிப்லாசியம் எஸ்குலெண்டம். ஓடைக்கரையில் வரும், இலை ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்காகப் பிரியும், தளிர் தடிமனாக இருக்கும். தேங்காய்ப்பாலும் நெத்திலியும் போட்டு வைத்தால் இரண்டு தட்டுச் சோறு உள்ளே போகும். நெஃப்ரோலெப்பிஸ் தளிரையும் சில இடங்களில் தின்கிறார்கள், ஆனால் சிக்கல் செடியில் இல்லை, இடத்தில். செம்பனைக்கு நடுவே என்றைக்கு என்ன மருந்து தெளித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. 2020 ஜனவரியிலிருந்து பராக்குவாட்டை இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள், நல்லது. மற்ற மருந்துகள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து எந்தப் பெரணியையும் சமையலுக்குப் பறிக்காதீர்கள். சுருண்டு இருப்பதெல்லாம் தின்னக்கூடியது என்றும் நினைக்க வேண்டாம். டெரிடியம் என்ற பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு இருக்கிறது.

பெரணிப் புதரில் பாம்பு இருக்குமா?

இருக்கலாம். பெரணிக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. பூட்ஸ் போடாமல், கம்பால் தட்டாமல் உள்ளே கை விடக்கூடாது.

ஒரு கொத்து பிடுங்கி வந்து வீட்டில் வைக்கலாமா? எப்படி நடுவது?

தோட்டம் தனியார் நிலம், வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமோ ஆபீசிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மறு நடவுக்கு மரம் சாய்க்கும் நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பெரிய செடியை ஆசைப்பட்டு எடுக்காதீர்கள், இரண்டு மீட்டர் இலை வீட்டுக்கு வரும்முன் வாடிவிடும். ஓடுதண்டில் நாலைந்து இலையோடு இருக்கும் குட்டி போதும். தண்டை இரு பக்கமும் வெட்டி, ஒட்டியிருக்கும் மக்கோடு எடுத்து வாருங்கள்.

தேங்காய் நார், மக்கின இலை, கொஞ்சம் மணல் கலந்து தண்ணீர் நிற்காத தொட்டியில் வையுங்கள். நடும்போது தண்டின் தலைப்பகுதியைப் புதைத்துவிடாதீர்கள், அழுகிவிடும். காலை வெயில் போதும். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் செடியைப் பெருக்க வேண்டுமானால் அதன் ஓடுதண்டை வெட்டாமல் பக்கத்துத் தொட்டி மண்ணில் கொண்டைஊசியால் குத்தி வையுங்கள். குட்டி வேர்விட்ட பிறகு தொப்புள்கொடியை அறுங்கள். பைசெராட்டா சின்ன வராந்தாவுக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து. இடம் இல்லாதவர்கள் கார்டிஃபோலியா வைக்கலாம்.

சிற்றிலை எல்லாம் கொட்டிக்கொண்டே இருக்கிறது. செடி சாகிறதா?

அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் அது மூட்டு கழல்வது, இயல்பு. மொட்டைக் காம்பை அடியோடு வெட்டிவிடுங்கள். இலை முழுக்க ஒரே வாரத்தில் கொட்டினால் தொட்டி காய்ந்துவிட்டது, அல்லது ஏர்கண்டிஷனர் காற்று நேராக அடிக்கிறது. நுனி மட்டும் பழுப்பானால் உரம் கூடிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். செம்பனைக்குப் போடும் உரத்தில் ஒரு கை அள்ளி வந்து போட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் இப்போது தொட்டி மட்டும் இருக்கிறது.

வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்துமாமே?

மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனைகளில் பெரணி சில வாயுக்களைக் குறைத்தது உண்மை. உங்கள் வீட்டில் சன்னல் திறந்திருக்கிறது. அழகுக்கு வையுங்கள்.

பூனை கடித்துவிட்டது, பயப்பட வேண்டுமா?

நெஃப்ரோலெப்பிஸ் பூனைக்கும் நாய்க்கும் நச்சு இல்லை. அதிகமாகத் தின்றால் வாந்தி எடுக்கும், அது புல்லைத் தின்றாலும் எடுக்கும்.

கட்டுக்கடங்காமல் பரவிவிடுமா?

இடத்தைப் பொறுத்தது. கார்டிஃபோலியாவும் ப்ரவுனியும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காட்டுக்குள் புகுந்து உள்ளூர்ச் செடிகளை அமுக்கும் அந்நியக் களைகளாகிவிட்டன. அதே ஃபுளோரிடாவில் எக்சல்டாட்டா சொந்த ஊர்க்காரர். உள்ளூர்ச் செடி என்று நம்பிக் கார்டிஃபோலியாவை வாங்கி நட்டவர்கள் அங்கே நிறைய. பெயர் குழம்பினால் இப்படியும் ஆகும். இங்கே தொட்டியில் இருக்கும்வரை தொல்லை இல்லை. நேராகத் தரையில் நட்டால் ஓடுதண்டு பக்கத்து வீட்டு வேலியைக் கேட்காது. கிழங்குள்ளதைப் பிடுங்கும்போது கிழங்கையும் சேர்த்துப் பொறுக்க வேண்டும், ஒன்று மண்ணில் தங்கினாலும் அங்கேயிருந்து திரும்ப வரும்.

எங்கள் வீட்டுக் கூரைப் பீலியிலேயே முளைத்திருக்கிறது. விடலாமா, எடுக்கலாமா?

எடுத்துவிடுங்கள். செடிமேல் கோபப்பட்டு அல்ல, அங்கே அது முளைத்திருக்கிறது என்றால் பீலிக்குள் பல மாதமாகக் குப்பை மக்கித் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கொசுவும் இருக்கும். மழைக்காலம் தொடங்குவதற்குள் யாரையாவது ஏணி பிடிக்கச் சொல்லி மேலே ஏறிச் சுத்தம் செய்யுங்கள். பிடுங்கினதைத் தூக்கிப் போடாதீர்கள், வெறும் தொட்டி ஒன்று இருந்தால் அதில் வையுங்கள், பிழைத்துக்கொள்ளும்.